கடைசி அம்புக்குறி

ஐந்து ரூபாய் படத்தாள்.
வெட்டி, வரிசைப்படி ஒட்டி,
நடுவே அம்புக்குறி போட்டு
திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டீச்சர்.
தலைப்பு: போக்குவரத்து, அன்றும் இன்றும்.
ஒன்றாம் வகுப்பு சேவுகனுக்கு
அம்புக்குறி என்றால் உயிர்.
சுவரில், என் கணக்கு நோட்டில், அவன் முழங்காலில்
எல்லாம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை இரவு. குன்றக்குடி மலையடிவாரம்.
லோடு ஆட்டோவின் பின்கதவைச் சாய்த்து
மேசையாக்கிக் கொடுத்தேன்.
உள்ளே மூட்டைகள்,
விடிந்தால் பழனிக்கு நடக்கப் போகிறவர்களுடையவை.
முதல் தங்கல்வரை நான் கொண்டுசேர்க்க வேண்டும்.

"மொதல்ல எதும்மா?"
"காலு."
நடக்கிற மனிதனை ஒட்டினான், தலைகீழாக.
பிய்த்துத் திருப்பியதில்
மனிதனின் ஒரு பாதம் கிழிந்தது.

"அடுத்து மாட்டுவண்டி."
"மாடு எதுல வந்துச்சு?"
"நடந்துதான்."
"அப்ப மாட்டுக்கும் ஒரு காலு படம் வேணும்."
கடையில் கேட்கலாம் என்றேன்.

கப்பலை எடுத்தான்.
நம்ம ஊரில் கடலே இல்லையே, இது எதற்கு என்றான்.
கானாடுகாத்தானில் போன வாரம்
கல்யாண நாற்காலி இறக்கினோமே, அந்த வீட்டுத் தூண்,
நீ கட்டிப்பிடித்தும் கை எட்டவில்லையே,
அது பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது,
கரையில் இறங்கி மாட்டுவண்டியில் ஏறியது என்றேன்.
"எத்தன மாடு இழுத்துச்சு?"
"தெரியாதுடா."
தெரியாது என்றால் அவனுக்குப் பிடிக்காது.
"நம்ம வண்டியில ஏறுமா?"
"ஏத்தினா டயர் வெடிச்சிரும்."
அதைக் கேட்டதும் ஒரு சிரிப்பு.
மாடு ஜெயித்துவிட்டதாம்.
கப்பலிலிருந்து பின்னோக்கி
மாட்டுவண்டிக்கு ஓர் அம்பு போட்டான்.
தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரயில் படத்தில் புகை.
"செட்டிநாடு ஸ்டேஷன்ல நிக்கிற ரயில்ல புகையே வராதே?"
"இப்ப கரண்டுல ஓடுது."
"புகையெல்லாம் எங்க போச்சு?"
நான் என் சைலன்சரைப் பார்த்தேன்.
அவனும் பார்த்தான்.

பேருந்து. கார். விமானம்.
பசை தீரப் போகிறது.
அப்போதுதான் மெய்யம்மை வந்தார்,
பையிலிருந்து பிளாஸ்திரி எடுக்க.
முப்பது வயது இருக்கும். கழுத்தில் மாலை,
இப்போதே வெறுங்கால்.
சேவுகன் விடவில்லை:
"நீங்க எதுல வந்தீங்க?"
"சிங்கப்பூர்லேருந்து திருச்சிக்கு பிளேன்ல. அப்புறம் காரு."
"இனிமே?"
"நடந்து."
"காரு ரிப்பேரா?"
"நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்து
பிளாஸ்திரியோடு போய்விட்டார்.

அவன் விமானத்தைப் பார்த்தான்.
கிழிந்த பாதத்துக்காரனைப் பார்த்தான்.
அது வேண்டுதல்டா, அது வேற கணக்கு என்றேன்.
கேட்கவில்லை.
மிச்சமிருந்த ராக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு
நிலாவில் இறங்குகிறவர்கள்
அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டான்.
நடப்பார்கள் என்று சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நடக்கிற படம் ஒன்றுதான் இருந்தது.
ராக்கெட்டுக்குக் கீழே பென்சிலால் அவனே வரைந்தான்,
இரண்டு கோடு, முனையில் ஐந்து ஐந்து விரல்.
ஒரு காலில் ஆறு.

நாலு மணிக்குக் காவடிகள் புறப்பட்டன.
நான் பின்னால்.
முன்சீட்டில் அரைத்தூக்கத்தில் சேவுகன்,
மடியில் காயாத படத்தாள்.
"நம்ம வண்டி இதுல எங்கம்மா?"
தாளில் லோடு ஆட்டோ கிடையாது.
"வரைஞ்சுக்கோ" என்றேன்.
பென்சிலைத் தேடியவன் அப்படியே தூங்கிவிட்டான்.

விளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான குதிகால்கள்.
ஒன்றில் புதுப் பிளாஸ்திரி.
முதல் கியர்.
வேகமானியின் முள்
பூஜ்யத்தை விட்டு எழ யோசிக்கிறது.
எனக்கும் ஒன்றும் அவசரமில்லை.